ஈரக் கட்டையில் இறங்கிய ஆணி

ரம்யா மாதத்துக்கு இரண்டு முறையாவது போன் செய்கிறாள். புதுக்கோட்டையில் நான் முப்பத்து நான்கு வருடம் நின்ற டூல்ஸ் கடைக் கவுண்டரில் இப்போது அவள் நிற்கிறாள். யாராவது வந்து, கையில் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் காற்று விசையில் ஆணி அடிக்கும் நெயில் கன்னும் அதற்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரும் வேண்டும் என்று கேட்டால் எனக்குத்தான் போன் வரும்.

"அண்ணே, இவரு போன்ல ஒரு காம்போ காட்டுறாரு. நம்ம வெலைய விட ரொம்பக் கம்மி. என்னண்ணே சொல்லட்டும்?"

"என்ன மரத்துல அடிக்கப் போறாராம்?"

"கேக்கலையே."

"கேட்டுட்டுக் கூப்புடு."

போன வாரம் அவளே ஒரு யோசனை சொன்னாள். "ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துருங்கண்ணே. ஒங்கள அடிக்கடி தொந்தரவு பண்ண வேண்டாம்ல." எனக்கும் அது சரியாகப் பட்டது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, போனை எடுக்க எழுந்து போவதே ஒரு வேலையாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு வேண்டியது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

முதலில் மரம். மரத்துக்கு ஏற்ற ஆணி, ஆணிக்கு ஏற்ற கன். அந்த கன் குடிக்கும் காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிற கம்ப்ரசர். அந்தக் கம்ப்ரசரை ஓட்டுகிற கரண்ட் அவர் ஊரில் சாயங்காலமும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது என்பது இதற்கெல்லாம் பிறகுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் கம்பெனிப் பெயரில் குறைத்துக்கொள்ளலாம், காற்றில் குறைக்கக் கூடாது. பெரிய டாங்க்கைப் பார்த்து மயங்கக் கூடாது. டாங்க் காற்றைச் சேர்த்து வைக்குமே தவிர உண்டாக்காது. காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் வாங்கவே கூடாது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பேனா நிற்கவில்லை. மீதியை ரம்யாவுக்காக எழுதவில்லை.

நான் கடையில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் இரண்டு வருடம் பெருக்கினேன், போல்ட்டும் நட்டும் எடை போட்டேன், லாரி ஆபீசுக்கும் கடைக்கும் சைக்கிள் மிதித்தேன். அப்புறம் டிரில்லிங் மிஷின், கட்டிங் மிஷின் என்று ஒவ்வொன்றாகக் கையில் வந்தது. நெயில் கன் எங்கள் பக்கம் வந்தது ரொம்பப் பிந்தித்தான். வந்தபோது அதை விற்கத் தெரிந்தவர் ஊரிலேயே எங்கள் முதலாளி ஒருவர்தான்.

விற்கத் தெரிந்தவர் என்பதைவிட விற்காமல் இருக்கத் தெரிந்தவர் என்று சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. ஆள் உள்ளே வந்து கன் வேண்டும் என்றதும் விலை சொல்ல மாட்டார், மாடல் காட்ட மாட்டார். "கட்டை எங்க?" என்பார். எந்த மரத்தில் அடிக்கப் போகிறார்களோ அந்த மரத்தில் ஒரு துண்டை வாங்குகிறவரே கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். திட்டிக்கொண்டே போனவர்கள் நிறையப் பேர். அந்தத் திட்டையெல்லாம் வாசலில் நின்று வாங்கியது நான்தான்.

கட்டை வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல், பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு மோப்பம். விரல் முட்டியால் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் கடைக்குப் பின்னால் போடப்பட்டிருந்த மேஜையில் வைத்து இறுக்குவார். காற்றழுத்தம் காட்டும் கம்ப்ரசரின் முள் எங்கே நிற்கிறது என்று வாங்குகிறவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். ஐந்து ஆணி அடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஆணித் தலைகளின் மேல் விரலை ஓட்டுவார். தலை மரத்தோடு சமமாக இருந்தால் தலையாட்டுவார். ஏதாவது ஒன்று விரலில் தட்டினால் அந்த கன்னை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

பிறகு கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கன், கம்ப்ரசர், ஹோஸ், ரெகுலேட்டர், எண்ணெய் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி அந்தத் தாளை அவர்கள் பக்கம் தள்ளுவார். கைக்கு மீறியது என்று முகத்தில் தெரிந்தால், "இப்ப வேணாம். அப்புறம் வாங்க" என்று எழுந்துவிடுவார்.

குடுமியான்மலைப் பக்கமிருந்து ஒரு சோபா தைக்கிறவர் வந்தார். உள்ளதிலேயே பெரிய கன்னும் பெரிய கம்ப்ரசரும் கேட்டார், பணமும் வைத்திருந்தார். முதலாளி அவர் கொண்டுவந்த வேப்பங்கட்டையில் குண்டூசி போல மெல்லிய ஆணி அடிக்கும் சின்னப் பின் கன்னால் ஐந்து அடித்துக் காட்டி, அதையும் ஒரு குட்டிக் கம்ப்ரசரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் போன பிறகு, "வாங்கத்தானேங்க வந்தாரு?" என்று நான் கேட்டேன். "அம்புட்டும் சும்மா கெடந்து துருப்புடிக்கும் சுப்பையா" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வியாபாரத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

முருகேசனும் அவர் மனைவி செல்வியும் முதல் தடவை வந்தபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வல்லத்திராக்கோட்டைக்காரர்கள். முருகேசன் பத்து வருடமாக வளைகுடாவில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். விராலிமலைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அதுதான் பேலட், வாரா வாரம் வாங்கிக்கொள்வதாக ஒரு சொந்தக்காரர் மூலம் பேச்சு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் ஏஜென்ட் வேறொரு விசாவை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் பதில் கேட்டுக்கொண்டிருந்தார். பேலட் வேலை அமைந்தால் இங்கே, இல்லையென்றால் அங்கே.

இதையெல்லாம் சொன்னது செல்விதான். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாராக, ரெண்டு மாசம் இருக்காக. சின்னவ இவுகள போன் அப்பாங்குறா. இனிமே போக வேணாம்னு பாக்குறோம்ங்க" என்றாள். முருகேசன் குனிந்து கம்ப்ரசரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்திருந்தது தைல மரம். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை, விலையும் குறைவு, பேலட்டுக்கு எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். முருகேசன் வளைகுடாவில் பார்த்ததெல்லாம் பைன் மரம், ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். அதே கன் இங்கேயும் போதும் என்ற நினைப்பில் வந்திருந்தார். முதலாளி வழக்கம்போல எல்லாம் பார்த்துவிட்டு, அவர் பணத்துக்குள் வரும் சின்ன கன்னால் அடித்தார். ஐந்தில் நான்கு ஆணி தலை நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்று வளைந்தே போனது.

"தம்பி, இது நல்லாக் காஞ்ச தைலம். இரும்பு மாதிரி. இதுக்கு அடுத்த சைஸ் கன்னு வேணும். அதுக்கு இந்தக் கம்ப்ரசர் காத்து பத்தாது, மூணு ஹெச்பி வேணும். அதுக்கு த்ரீ பேஸ் லைன் இழுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே காலண்டர் தாளில் எழுதித் தள்ளினார். முருகேசன் தாளைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். அவர்களிடம் இருந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"ஒரு மாசம் பொறுங்க. பழைய கன்னு ஒண்ணு கைக்கு வரும். சொல்லி விடுறேன்."

"ஒரு மாசம் இல்லீங்களே" என்றாள் செல்வி.

முதலாளி எழுந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். செல்வி கூடையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கட்டையை எடுத்து நீட்டினாள்.

வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டை கனத்தது. கையில் சில்லென்று இருந்தது. தைல வாசனை கவுண்டர் முழுக்க அடித்தது. அன்று காலையில் அறுத்த பச்சை மரம். நகத்தால் கீறிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, நான் கீறவும் இல்லை. மேஜையில் இறுக்கி அதே சின்ன கன்னால் ஐந்து ஆணி அடித்தேன். ஐந்தும் தலை வரை இறங்கின.

முருகேசன் விரலை ஓட்டிப் பார்த்தார். பல நாள் கழித்துச் சிரிக்கிற முகம். "பாத்தியா செல்வி? நான் சொன்னேன்ல. போன தடவ ஒங்க மொதலாளி காத்தக் கொறச்சு வச்சு அடிச்சிருக்காருண்ணே. பெரிய மெஷின எங்க தலைல கட்டப் பாத்திருக்காரு."

அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தவன் நான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. இது ஈரக் கட்டை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே நிறையப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் இரக்கம் என்பது ஒன்று. ஈரத்தோடேயே அடித்துக் கொடுத்துவிட்டால் ஓடிவிடும் என்ற நினைப்பு இன்னொன்று. உண்மை இவ்வளவு அழகாக இல்லை. முதலாளி இல்லாத அன்று ஒரு முழு செட்டை நானே விற்றுக் காட்ட வேண்டும் என்று இருந்தது. அவர் திருப்பி அனுப்பிய ஆளுக்கு நான் விற்றேன் என்ற பெருமை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான்.

காலண்டர் தாளில் நானும் முதலாளி மாதிரியே ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். குட்டியானை வேனில் ஏற்றி அனுப்பினேன். செல்வி வண்டியின் முன்னால் ஏறும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஈரப் பேலட்டைக் கம்பெனி வாங்காது. பூஞ்சை பிடித்துச் சரக்கு கெட்டுப்போகும் என்று காய்ந்த மரம்தான் கேட்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை, அன்றைக்கு நினைக்காமல் இருந்துகொண்டேன். மூன்றாவது வாரம் முருகேசன் கடைக்குப் போன் செய்தார். நல்ல வேளையாக நான் எடுத்தேன். "அண்ணே, ஆணி தலை நீட்டிக்கிட்டு நிக்குதுண்ணே. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கொட்டகைக்குள் கம்ப்ரசர் கத்திக்கொண்டிருந்தது. முருகேசன் ஒரு பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டே போக, பின்னாலேயே செல்வி சுத்தியலோடு குந்திக்கொண்டு நீட்டி நிற்கும் ஒவ்வொரு தலையையும் அடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த தைலம் சுத்தியல் பட்டதும் நீளவாக்கில் பிளந்தது. காற்றைக் கூட்டிப் பார்த்தேன். பத்து ஆணிக்கு மேல் கம்ப்ரசர் தாங்கவில்லை, முள் சரிந்தது, மோட்டார் தொட முடியாத சூடு. கரண்ட் வேறு குறைவாக வந்தது. பிளந்த பேலட்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. செல்வியின் இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"எண்ணெய் மாத்திப் பாருங்க" என்று சொன்னேன். எண்ணெய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனி முதல் லோடில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பியது. அடுத்த லோடு வேண்டாம் என்றது. முருகேசன் கன்னையும் கம்ப்ரசரையும் ஏற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அன்று முதலாளி இருந்தார்.

"நல்ல மெஷினுன்னு நம்பி வாங்குனோம். கெட்டதத் தள்ளி விட்டுட்டீங்க" என்றார் முருகேசன். சத்தம் போடவில்லை.

முதலாளி கன்னைப் புரட்டிப் பார்த்தார். அவர்கள் கொண்டுவந்திருந்த காய்ந்த பலகையை எடுத்து நகத்தால் கீறினார். என் பக்கம் திரும்பினார். "குடுக்குறப்ப கட்டை பாத்தியா சுப்பையா?"

"பாத்தேன்ங்க. நல்லா எறங்குச்சு."

பொய் இல்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவர் முருகேசனிடம், "சரி தம்பி, எறக்கி வையுங்க" என்று மட்டும் சொன்னார். ஒருமுறை ஆணி அடித்துவிட்ட கன்னைக் கடையில் திருப்பி எடுப்பதில்லை. அன்று எடுத்தார், கிட்டத்தட்ட முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். பெரிய செட்டைத் தவணையில் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். முருகேசன் வேண்டாம் என்றார். ஆர்டர் போன பிறகு மிஷின் எதற்கு? அந்தப் பணம் வேறொரு விசாவுக்காக நேராக ஏஜென்ட்டிடம் போனது. அடுத்த மாதம் அவர் விமானம் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

முதலாளி என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்பளத்தைக் குறைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் கட்டையோடு வந்தாலும், "கட்டைய இங்கிட்டுக் கொண்டா சுப்பையா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவரே பார்ப்பார், அவரே அடிப்பார். அவர் படுக்கையில் விழும்வரை ஒன்பது வருடம் எந்தக் கட்டையிலும் நான் ஆணி அடிக்கவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் போன பிறகு அவர் மகன் காலத்தில் எல்லாமே நான்தான் பார்த்தேன். அப்போதும் கட்டையைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஒரு அலுப்பு வரும். வேலை அலுப்பு என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

போன தை மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் வந்தாள்.

"அண்ணே, டூல்ஸ் கடை அண்ணன்தான? நல்லா இருக்கீங்களா?"

தலை பாதி நரைத்திருந்தது. திருச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், ஏர்போர்ட்டில் இறங்க வேண்டுமாம். "அவுக இன்னைக்கு வாராக. முடிச்சுட்டு வாராக. இனிமே போக முடியாதுண்ணே, இடுப்பு போயிருச்சு." பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருப்பதாகச் சொன்னாள். நான் கணக்குப் போட்டேன். பதினாறு வருடம்.

பஸ் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்லப்போவதில்லை என்று தோன்றியது.

"செல்வி, ஒரு விசயம். அன்னைக்கு நீங்க கொண்டாந்த கட்டை ஈரம்னு எனக்குத் தெரியும். கைல வாங்குனப்பவே தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து மடியில் மடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்ணே. ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன், எங்க சொல்லிருவீங்களோன்னு." பஸ் வரும் பக்கம் பார்த்தாள். "அந்தக் கட்டைய மர மில்லுல கேட்டு வாங்குனதே நாந்தான். பச்சைல எறங்கும்னு மில்லுக்காரரு சொன்னாரு. ஏஜென்டுக்கு மறுநா பதில் சொல்லணும். மெஷினு வீட்டுக்கு வந்துட்டா இவுக போக மாட்டாக, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான் நெனச்சேன்."

இத்தனை வருடம் நான் ஒருவனே சுமந்ததாக நினைத்திருந்தேன். இவளும் கூடவே சுமந்திருக்கிறாள், என்னைவிட அதிகமாக.

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லலண்ணே. போன்ல சொல்ற விசயமா அது? நேர்ல வந்தா ரெண்டு மாசம்தான் இருப்பாக, அதுல எதுக்குன்னு விட்டுருவேன். இன்னமும் ஒங்க மொதலாளிதான் கெட்ட மெஷினக் குடுத்து எங்க பொழப்பக் கெடுத்துட்டாருன்னு சொல்லிக்கிட்டு இருக்காக. அது அப்புடியே இருக்கட்டும்ணே. எங்கயாச்சும் பாத்தா சொல்லிறாதீங்க. இனிமேதான் நாங்க ஒரே வீட்ல இருக்கப் போறோம்."

திருச்சி பஸ் வந்தது. பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். சொல்ல மாட்டேன் என்றேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இதில் அவர்கள் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதியிருக்கிறேன். முதலாளி இறந்து ஏழு வருடமாகிறது. அந்த ஒரு வீட்டில் இன்னமும் அவர்மேல் பழி கிடக்கிறது, அதை அங்கே போய் எடுக்க என்னால் முடியாது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அன்று முதலாளி காற்றைக் குறைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.